தேரியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர்

சங்கரன்கோவிலைச் சூழ்ந்த நாட்டிலே பிறந்து வளர்ந்த எம்மனோர்க்கு வறண்ட ஆறு புதுமையன்று. மேற்கு மலையிலே தோன்றிக் கரிவலம்வந்தநல்லூர் வழியாக வைப்பாற்றை நாடிச் செல்லும் நிட்சேப நதி, ஐப்பசி கார்த்திகைத் திங்களிலே இருகரையும் தோய ஓடும் நாட்கள் சில. வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும் நாட்களே பல. எனினும் கோடையிலும் மணலைத் தோண்டி ஊற்று நீரை அகப்பையால் முகந்து குடம் நிறைக்கும் பெண்டிரை யாம் இளமையிலே கண்டதுண்டு. ஆற்றில் நீர் இல்லை என்று வழிப்போக்கர் சொல்லிச் செல்வர். நீர் எத்தனை முழ ஆழத்தில் உள்ளதென்பதை ஊரார் அறிவர்.

நம் திருநெல்வேலிச் சீமையின் தென்கீழ்க் கோடியில் இதனினும் வறண்ட ஒரு நிலப்பகுதி உண்டு. அதற்குத் தேரி என்று பெயர். அங்கே மண் சிவப்பு. மணல் மேடுகள் குன்றுகளைப் போல் எழுந்து நிற்கும். காற்றடிக்கும் திங்களில் அம்மேடுகள் இடம் பெயரும். தமிழ் நாட்டின் பாலைவனம் எதுவென்று கேட்பார்க்கு இதனையே காட்டலாம். அந்நிலத்தின் நடுவே, இடையன்குடி என்னும் சிற்றூரில், அயர்லாந்து தேசத்திற் பிறந்த ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவரே ராபர்ட் கால்டுவெல் ஐயர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றியவர் என்று அவரை எல்லோரும் அறிவர். அவர் வாழ்ந்த நிலத்தின் இயல்பை அறிந்தோர் சிலரே. நிலத்தை விடுத்து அவர் வரலாற்றைச் சொல்லின் அது பாதி வரலாறே ஆகும் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதலானோம்.

இளமையும் வருகையும்

கால்டுவெல் 1814-ம் ஆண்டு மே மாதம் 7-ம் நாள், அயர்லாந்தில் ஆண்ட்ரிம் மாவட்டத்தைச் சேர்ந்த கிளேடி என்னும் ஊரிலே, ஸ்காத்லாந்து மரபினரான பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தார். அவர் சிறுவராயிருந்தபோதே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. பதினாறாம் வயதில் ஓவியம் கற்க டப்ளின் நகர் சென்றார். பின்னர் ஓவியத்தை விடுத்துத் திருத்தொண்டுக்கே தம்மை ஒப்புவித்து, கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் கற்று 1837-ல் பட்டம் பெற்றார். அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியரான சர் டேனியல் சாண்ட்போர்டு என்பாரின் வகுப்புக்களே மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவருள்ளத்தில் விதைத்தன.

இலண்டன் மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பெற்ற அவர், 1838-ம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ம் நாள் சென்னைத் துறையில் இறங்கினார். தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு புரிந்த சி. பி. பிரௌன் என்பாரும் அதே கப்பலில் வந்தமை அவர் செய்த நற்பேறாகும். சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் பயின்ற பின்னர், 1841-ல் அவர் எஸ். பி. ஜி. சங்கத்திற் சேர்ந்தார். அச்சங்கத்தார் அவர்க்கு இடையன்குடியை ஒதுக்கினர்.

புகைவண்டி இல்லாத காலம் அது. பல்லக்கிலோ குதிரையிலோ செல்வது அந்நாளைய ஐரோப்பியர் வழக்கம். கால்டுவெல்லோ மக்களைக் காண வேண்டின் மக்களைப் போலவே செல்ல வேண்டுமென்று துணிந்து, சென்னையிலிருந்து பெரும்பாலும் கால்நடையாகவே புறப்பட்டார். தஞ்சையும் திருச்சியும் கண்டு, நீலகிரியில் அத்தியட்சர் ஸ்பென்சரிடம் அபிடேகம் பெற்று, மதுரை வழியாகத் திருநெல்வேலியை அடைந்து, 1841-ம் ஆண்டின் இறுதியில் இடையன்குடி வந்து சேர்ந்தார். காவிரியின் பசும்பரப்பையும் நீலகிரியின் குளிர்ச் சோலைகளையும் கண்ட கண்கள் முடிவிற் கண்டது செம்மணலும் பனையுமே.

தேரியின் இயல்பு

அந்நிலம் ஏன் அவ்வாறு ஆயிற்று என்பதை இங்கே சிறிது விளக்குவோம். தென்மேற்குப் பருவ மழை மேற்கு மலைத்தொடரின் அப்புறத்தே மலையாள நாட்டிற் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மலையின் கீழ்ப்புறம் மழை மறைவுப் பகுதி. ஆனால் ஆரல்வாய்மொழி என்னும் கணவாய் வழியே காற்று மட்டும் தடையின்றிப் புகுந்து, ஆனி, ஆடித் திங்களில் சமவெளி எங்கும் சூறையாடிச் செல்கிறது. மழையைத் தராத அக்காற்று நிலத்தின் ஈரத்தையும் உறிஞ்சி, பொடி மண்ணை வாரிக் கடற்கரை நோக்கிக் கொண்டுபோகிறது. மலையடிவாரத்துச் செம்மண்ணே இவ்வாறு காற்றால் வந்து குவிந்து தேரியாயிற்று என்பது 19-ம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆராய்ந்த நிலநூற் புலவர் ராபர்ட் புரூஸ் பூட்டின் கருத்து. பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் இன்றையினும் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது, வெளிப்பட்டுக் கிடந்த மன்னார் வளைகுடாவின் அடித்தரை மணலும் இதிற் கலந்திருத்தல் கூடும் என்று பிற்கால ஆய்வாளர் கருதுவர். மணிகளின்மேற் படிந்த இரும்புத் துருவே இம்மணலுக்குச் செந்நிறம் தந்தது. சாயர்புரம் முதலிய தேரிகளிற் கிடைத்த நுண்கற்கருவிகளைச் சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1956-ல் வெளியிட்டனர். மனிதர் இந்நிலத்தில் நெல்லும் இரும்பும் அறியாத காலந்தொட்டே வாழ்ந்தனர் என்பது அதனாற் புலனாகிறது.

இத்தேரி நாட்டில் இரண்டு ஆறுகள் உண்டு. திருக்குறுங்குடி மலையில் எழும் நம்பியாறு ஒன்று. நாங்குனேரி, சாத்தான்குளம் பக்கமாக வந்து மணப்பாட்டருகே கடலை அடையும் கருமேனியாறு மற்றொன்று. தாமிரபரணி இரு பருவ மழையும் பெற்று ஆண்டு முழுதும் ஓடுவது. இவ்விரண்டுமோ வடகீழ்ப் பருவ மழையையே பெரிதும் நம்பியவை. மழை பெய்த சின்னாட்களிற் பெருக்கெடுத்து, பின்னர்ச் சுவடு மட்டும் எஞ்ச வற்றிவிடும். ஆற்றின் பள்ளத்தாக்கு உண்டு. ஆறு இல்லை என்று சொல்லத்தக்க நிலை அது.

ஆயினும் தேரி வஞ்சிக்கும் நிலமன்று. அதன் மணலில் விழும் மழை வழிந்தோடுவதில்லை. துளியும் வீணாகாமல் உள்ளிறங்கிவிடுகிறது. கீழே இறுகிய களிமண்ணும் பாறையும் அந்நீரைத் தாங்கி நிற்கின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் நீர் தானே ஊறி ஏரியாய் நிற்கும். அத்தகைய நீர்நிலையை அந்நாட்டார் தருவை என்பர். தேரியின் ஓரங்களிலே மணல் தேக்கி வைத்த நீர் மெல்லக் கசிந்து வருவதால், வாழையும் வெற்றிலையும் தென்னையும் அங்கே செழிக்கின்றன. பாலை என்பது தனியொரு நிலமன்று, நீர் குன்றியபோது பிற நிலங்கள் எய்தும் நிலையே என்று நம் முன்னோர் கருதினர். மேலே பாலையும் கீழே மருதமுமாய் விளங்கும் தேரியை நோக்குவார்க்கு அக்கருத்தின் ஆழம் விளங்கும்.

அந்நீரை அறிந்து வாழும் மரம் பனை. அதனை அறிந்து வாழ்ந்த மக்கள் பனையேறும் மக்கள். காலில் திளாப்பும் இடுப்பில் அரிவாள் பெட்டியும் கொண்டு, நாளுக்கு இருமுறை நெடும் பனைகளில் ஏறி, பாளை சீவிக் கலயத்திற் பதநீர் இறக்கி, பெண்டிர் அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவர். சாரல் அடிக்கும் மலையடிவாரத்து உழவர் ஏரைப் பற்றி நிற்க, இவர் மரத்தைப் பற்றி வாழ்ந்தனர். மரத்திலிருந்து தவறி விழுந்து மடிந்தோரும், முடமானோரும் ஊர்தோறும் இருந்தனர்.

இடையன்குடித் தொண்டு

இத்தகைய நாட்டிற் கிறிஸ்து சபை முன்னரே வேரூன்றியிருந்தது. 1799-ல் அமைந்த முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பும் இத்தேரியை அடுத்ததே. எனினும் கால்டுவெல் வந்த காலத்து இடையன்குடி ஒழுங்கற்ற குடிசைகள் நெருங்கிய, நிழலற்ற ஊராய் இருந்தது. அவர் முதலில் நிலத்தைக் கவனித்தார். மனை நிலங்களை வாங்கி, நேரிய தெருக்களை வகுத்தார், கிணறுகள் தோண்டுவித்தார், தெருவோரங்களில் நிழல் தரும் மரங்களை நடுவித்தார். நீர் எங்கே கிடைக்கும், எம்மரம் மணலைப் பிணித்து நிற்கும் என்பவற்றை அவர் ஏட்டிற் கற்றிருக்க வழியில்லை. அவ்வறிவு அவ்வூர் மக்களிடமே இருந்தது.

1844-ல் அவர் எலிசா மால்ட் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் நாகர்கோவிலில் தொண்டு புரிந்த சார்ல்ஸ் மால்ட் ஐயரின் மகளார். இந்நாட்டிலேயே பிறந்து தமிழைத் தாய்மொழி போலப் பேசியவர். பெண் குழந்தைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, நாகர்கோவிலில் தம் அன்னையார் புகுத்திய சரிகைப் பின்னல் வேலையை இடையன்குடிப் பெண்களுக்கும் கற்பித்தார். பனங்காலம் கழிந்த பின்னர் வருவாயற்றிருந்த இல்லங்களிற் கைத்தொழிலால் சில காசு சேர்ந்தது. கால்டுவெல்லின் புகழைப் பேசுவோர் இவ்வம்மையாரை மறத்தல் தகாது.

திரித்துவப் பேராலயத்திற்கு 1847-ல் தொடங்கிய கட்டட வேலை 1880-ம் ஆண்டு ஜூலை மாதம் 6-ம் நாளே பிரதிட்டை கண்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! மணலிற் கட்டடம் நில்லாது என்பது வேதம் படித்த யாவரும் அறிந்த உவமை. மணல் நாட்டில் அடிப்படை தேடி ஆழத் தோண்டிக் கட்டிய அக்கோயில் இன்றும் நிற்கிறது.

ஒரு பிழை

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் பிழையை மறைத்தல் அவர்க்கும் நமக்கும் நன்மை பயவாது. இடையன்குடிக்கு வந்து ஏழாண்டுகள் கடந்ததும், 1849-ல், தாம் கூடி வாழ்ந்த பனையேறும் மக்களைப் பற்றிக் கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அம்மக்களின் அறிவையும் பண்பையும் தாழ்த்திப் பேசும் பகுதிகள் அதில் இருந்தன. இங்கிலாந்தில் உள்ளார்க்காக எழுதிய நூல், ஒரு தலைமுறை கழிந்தபின் அம்மக்களின் பிள்ளைகள் கையிலேயே வந்து சேர்ந்தது. அவர்கள் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள். தம் தந்தையரைப் பற்றி எழுதப்பட்டிருந்ததைப் படித்து அவர் உள்ளம் கொதித்தது. கண்டனங்கள் எழுந்தன. முடிவில் அந்நூல் புழக்கத்தினின்றும் விலக்கப்பட்டது.

யாம் இதனைப் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. மணலின் மேற்பரப்பைக் கண்டு நிலம் வறிது என்று கொள்ளும் வழிப்போக்கன் செய்யும் பிழை இது. கல்வி எட்டாத மக்களைக் கண்டு அறிவு அவரிடம் இல்லை என்று அவர் கொண்டார். நீரை மணலுக்குள் தேடக் கற்றவர், மாந்தரிடத்து அத்தனை ஆழம் தோண்டப் பொறுத்திலர். அவர் மீது எழுந்த கண்டனமும் அவர் பள்ளிகள் தந்த கல்வியினின்றே பிறந்தது என்பது நினைக்கத்தக்கது. நன்மையும் வருத்தமும் ஒரே கிணற்றிலிருந்து ஊறின.

ஆழ்ந்து நோக்கிய நூல்கள்

அப்பிழைக்குப் பின்னர் அவர் செய்த பெருந்தொண்டு மேற்பரப்பைக் கடந்து நோக்கியதன் பயனாகும். 1856-ல் வெளிவந்த ஒப்பிலக்கணம், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலிய மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தவை அல்ல, தமக்குள் ஓரினமானவை என்பதை விரிவாக நிலைநாட்டிற்று. 1816-லேயே எல்லிஸ் துரை இவ்வுண்மையைச் சுட்டியிருந்தார். கால்டுவெல் அதற்குச் சொல்லும் உருபும் வினையுமாகச் சான்றுகளைக் குவித்தார். வடமொழிச் சொற்கள் மேலே படிந்த மணல் போன்றவை. அவற்றை விலக்கினால் அடியில் வேறோர் ஊற்று உண்டென்று காட்டினார். பலுசிஸ்தானத்தின் வறண்ட மலைப் பள்ளத்தாக்குக்களிற் பேசப்படும் பிராகுவி மொழியிலும் திராவிடக் கூறு உண்டென எடுத்துரைத்தார். இரண்டாம் பதிப்பு 1875-ல் வெளிவந்தது.

நிலத்தை ஆழ்ந்து நோக்கும் அப்பழக்கம் கொற்கை ஆராய்ச்சியில் நன்கு விளங்கிற்று. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கையை யவன ஆசிரியர் குறித்துள்ளனர். பிற்காலத்து மார்க்கோ போலோ காயல் என்னும் துறையைப் புகழ்ந்துள்ளார். கால்டுவெல் காலத்தில் அவ்விரண்டும் கடலை விட்டு உள்ளே தள்ளிய சிற்றூர்கள். அப்படியாயின் பழையோர் கூற்று பொய்யோ? கால்டுவெல் அவ்விடங்களிற் சென்று அகழ்ந்து, ஊராரை உசாவி ஆராய்ந்தார். நிலத்தின் கீழே கடற் சிப்பிகளும் சங்குகளும் கிடைப்பதை நோக்கினார். ஓயாது ஓடும் தாமிரபரணி ஆண்டுதோறும் வண்டலைக் கொணர்ந்து தள்ள, கடல் பின்வாங்கிற்று. கொற்கைத் துறை தூர்ந்தபின் கடலருகே காயல் எழுந்தது. காயலும் தூர்ந்து அதே கதியை அடைந்தது. ஊர் இடம் பெயரவில்லை, கரையே பெயர்ந்தது என்பதே அவர் கண்ட உண்மை. இவ்வாராய்ச்சியை 1877-ல் வெளியிட்டார். பின்னர் 1968, 1969-ம் ஆண்டுகளில் தமிழ் நாட்டுத் தொல்லியல் துறையினர் கொற்கையை அகழ்ந்து அதன் பழமையை உறுதி செய்தனர்.

ஓடும் ஆறு துறையைத் தூர்த்து நிலத்தை வளர்த்தது. ஓடாத ஆறுகளின் நாட்டிலோ காற்றே நிலத்தை ஆக்கிற்று. ஒரே மாவட்டத்தின் இவ்விரு காட்சிகளையும் அருகருகே கண்டு வாழ்ந்தவர் அவர். 1881-ல் வெளிவந்த அவரது திருநெல்வேலிச் சரித்திரம், நம் சங்கரன்கோவிற் பகுதியையும் விடவில்லை. நெற்கட்டுஞ்செவ்வல் பூலித்தேவர் ஆங்கிலப் படையையும் நவாபின் படையையும் எதிர்த்து நின்ற செய்தியை அந்நூல் பதிவு செய்துள்ளது.

தாது வருடப் பஞ்சமும் இறுதியும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் தேரி நாட்டையும் தாக்கிற்று. மழை பொய்க்கவே ஆறுகள் பெயரளவும் ஓடவில்லை. தருவைகள் வெடித்துக் கிடந்தன. ஆழ வேரோடிய பனையும் அக்காலத்தில் மக்களை முழுதும் காக்க வல்லதாகவில்லை. 1877 மார்ச்சு மாதம் 11-ம் நாள் கல்கத்தாவில் அத்தியட்சராய் அபிடேகம் பெற்றுத் திரும்பிய கால்டுவெல், அறுபது வயது கடந்த நிலையிலும் ஊர் ஊராய்ச் சென்று கஞ்சித் தொட்டிகளுக்கும் நிவாரணத்துக்கும் வழி தேடினார். அந்நாளில் ஆயிரக்கணக்கானோர் சபையிற் சேர்ந்தனர். பசியால் வந்தவரோ, பற்றால் வந்தவரோ என்று அக்காலத்திலேயே பலர் வினவினர். பசித்தவன் முதலில் உண்ணட்டும் என்பதே அக்கேள்விக்கு உரிய விடை என்று எமக்குத் தோன்றுகிறது.

1883-ல் அவர் தூத்துக்குடிக்குத் தம் இருக்கையை மாற்றினார். சாயர்புரத்திலிருந்த கல்லூரியும் அந்நகருக்கு மாறிக் கால்டுவெல் கல்லூரி என விளங்கிற்று. உடல் தளர்ந்து 1891-ம் ஆண்டின் தொடக்கத்திற் பணியினின்றும் ஓய்வு பெற்றுக் கோடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 28-ம் நாள் உயிர் நீத்தார். அவர் பொன்னுடல் குளிர்ந்த மலையினின்றும் இறக்கப்பெற்று, இடையன்குடிக் கோயிலிலே தாம் நேசித்த மணலுக்கடியில் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் கற்பது

1968-ல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலை எழுந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லத்தை அரசினர் நினைவில்லம் ஆக்கினர். இவற்றினும் அவர் உள்ளம் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. தாமிரபரணியில் வீணே கடலிற் கலக்கும் வெள்ள நீரைக் கால்வாய் வெட்டிக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் கொண்டு செல்லும் திட்டம் 2009-ல் தொடங்கப்பெற்று 2025-ல் திறந்து வைக்கப்பட்டது. வெள்ளங்குழியிற் புறப்படும் அக்கால்வாய் சென்று முடியும் இடம் எம். எல். தேரி. ஓடும் ஆறும் ஓடா ஆறுகளும் மனிதர் கையால் இணைந்தன. வெள்ளம் வரும் ஆண்டுகளிலேயே அந்நீர் வரும். ஆயினும் மணலுக்குள் இறங்கும் ஒவ்வொரு துளியும் கிணறுகளுக்கு வாழ்வு என்பதை அந்நாட்டார் நன்கறிவர்.

நம் கல்லூரியிற் பயிலும் மாணவருட் பலர் வறண்ட ஊர்களிலிருந்து வருபவர். கரிசலும் செவ்வலும் தேரியும் நம் பிறந்த மண். அவற்றைப் பின்தங்கிய ஊர் என்று ஒரு சொல்லால் ஒதுக்கி நகரங்களை நாடிச் செல்லும் மனநிலை நம்மிடம் வளர்ந்து வருகிறது. கால்டுவெல் ஐயரின் வாழ்வு இதற்கு இருவகையிற் பாடம் தருகிறது. அவர் தோண்டிப் பார்த்த இடங்களில் எல்லாம், மொழியிலும் மண்ணிலும், அரிய உண்மை கிடைத்தது. தோண்டாமல் தீர்ப்புச் சொன்ன ஓரிடத்தில் அவர்க்கே இழுக்கு வந்தது. இனி விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நிட்சேப நதியின் வெறுமணலைக் காண்போர், இங்கே ஆறில்லை என்று சொல்லுமுன், ஊற்றெடுக்கும் பெரியோர் ஒருவரை அணுகி நீர் எத்தனை முழத்தில் உள்ளதென்று கேட்டறிவாராக.